சென்னை டு டொரண்டோ உண்மையிலேயே எத்தனை மணி நேரம்? அம்மா முதல் தடவையா தனியா போறாங்க

தஞ்சாவூர்_மகன்:

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சி டொரண்டோ பக்கத்துல பிராம்ப்டன்ல இருக்கா, அக்டோபர் கடைசில டெலிவரி, அம்மா முன்னாடியே போய் கூட இருக்கணும்னு முடிவாயிருக்கு. அம்மாவுக்கு 64 வயசு, சுகர் இருக்கு, முட்டி வலி இருக்கு, இங்கிலீஷ் போர்டு எழுத்துக்கூட்டி படிச்சிடுவாங்க ஆனா பேச தயங்குவாங்க. இதுவரைக்கும் ஃப்ளைட்ல ஏறினது ஒரே தடவை, அதுவும் காசி யாத்திரைக்கு தெருவுல இருக்கவங்க இருபது பேரோட போனப்ப.

விசா வந்தாச்சு. அக்டோபர் முதல் வாரத்துக்கு டிக்கெட் போடலாம்னு உக்காந்தா ஒண்ணும் புரியல. தூரம் பாக்குற சைட் ஒண்ணுல சென்னைலேந்து டொரண்டோ 13,400 கிலோமீட்டர், 15 மணி நேரம்னு போட்டிருக்கு. டிக்கெட் சைட்ல போனா 21 மணி நேரம், 24, 29ன்னு வரிசையா வருது. அதுலயும் ஒரு டிக்கெட் இன்னைக்கு ராத்திரி 9.45க்கு கிளம்பி நாளைக்கு காலைல 9.30க்கே இறங்குறதா இருக்கு, அப்படி பாத்தா 12 மணி நேரம் கூட ஆகல. இதுல எது நிஜம்?

இன்னொண்ணு, வீட்டு சுவத்துல இருக்க உலக மேப்ல ஸ்கேல் வச்சு பாத்தேன், நேரா கோடு போட்டா அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக்னு போகுது. அப்ப லண்டன் வழி, ஃப்ராங்க்ஃபர்ட் வழியெல்லாம் சுத்து வழிதானே, எதுக்கு அவ்ளோ மேல போகணும்? நேரடி ஃப்ளைட் ஏன் இல்ல? அம்மா என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "நடுவுல எத்தனை எடத்துலடா எறங்கி ஏறணும்"னு. அதுக்கு கூட என்னால ஒழுங்கா பதில் சொல்ல முடியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வானவழி:

தம்பி, நீங்க பாத்த மூணு நம்பருமே சரிதான், ஆனா ஒவ்வொண்ணும் வேற வேற விஷயத்த சொல்லுது. நான் ஏர்லைன் ஆபரேஷன்ஸ்ல பதினோரு வருஷமா இருக்கேன், இந்த கேள்வி எங்க சொந்தக்காரங்களே மாசத்துக்கு ஒருத்தர் கேப்பாங்க.

முதல்ல அந்த 15 மணி நேரம். பெரிய விமானம் மேல போய் நிலையா பறக்குறப்ப மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் போகும். அந்த சைட் 13,400ஐ 900ஆல வகுத்திருக்கு, அவ்ளோதான். காத்து, ரன்வேக்கு ஊர்ந்து போற நேரம், ஏறுறது இறங்குறது எதுவும் அதுல கிடையாது. சென்னைலேந்து டொரண்டோவுக்கு நேரடி விமானமே இல்லாததால அந்த 15 மணி நேரத்துல யாரும் போய் சேர்றதும் கிடையாது. அத மறந்துடுங்க.

அடுத்து ராத்திரி 9.45, காலை 9.30 கணக்கு. அது ரெண்டு ஊரு கடிகாரம். அக்டோபர்ல டொரண்டோ நம்மள விட ஒன்பதரை மணி நேரம் பின்னாடி. கடிகாரத்துல தெரியறது 11.45 மணி நேரம், அதோட 9.30ஐ கூட்டுங்க, 21 மணி 15 நிமிஷம் வரும். அதுதான் அம்மா நிஜமா கழிக்கப்போற நேரம். நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை அங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி திருப்புவாங்க, அதுலேந்து மார்ச் ரெண்டாவது ஞாயிறு வரைக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். பேரப்பிள்ளை பொறந்தப்புறம் வீடியோ கால் போடுறப்ப இந்த ஒரு மணி நேரம் மாறுறத ஞாபகம் வச்சுக்கங்க.

மேப் விஷயம் ரொம்ப நல்ல கேள்வி. சுவத்துல மாட்டுற மேப் உருண்டைய பிரிச்சு தட்டையா இழுத்தது, வடக்க போகப்போக இழுப்பு ஜாஸ்தி. அதுல ஸ்கேல் வச்சா தப்பாத்தான் வரும். வீட்ல குழந்தைங்க குளோப் இருந்தா ஒரு தையல் நூல் எடுத்து ஒரு முனைய சென்னைல அழுத்தி புடிச்சுட்டு இன்னொரு முனைய டொரண்டோல வச்சு இறுக்கி இழுத்து பாருங்க. நூல் தானா வடக்க நழுவி போகும். டெல்லிய ஒட்டி, மத்திய ஆசியா, ரஷ்யா, அதுக்கப்புறம் நார்வேக்கு மேல கடல், கிரீன்லாந்து, அங்கேந்து கனடாக்குள்ள கீழ இறங்கும். அதுதான் குறைஞ்ச தூரம். அதிகபட்சமா 73 டிகிரி வடக்கு வரைக்கும் போகும், ஆர்க்டிக் வட்டத்த தாண்டி.

இத புரிஞ்சுக்கிட்டா உங்க முக்கியமான கேள்விக்கு பதில் தானா வந்துடும். துபாய் வழியா போனா சென்னை-துபாய் 2,930, துபாய்-டொரண்டோ 11,080, மொத்தம் 14,000. லண்டன் வழியா 8,230ம் 5,710ம், அதுவும் 13,950 பக்கம்தான். ஃப்ராங்க்ஃபர்ட்டும் கிட்டத்தட்ட அதேதான். டெல்லி வழியா கூட்டினா 13,400, அதாவது டெல்லி ஏறக்குறைய அந்த நூல் மேலயே இருக்கு. ஆக எந்த வழி போனாலும் பறக்குற தூரத்துல வித்தியாசம் 600 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம் கூட இல்ல. கிழக்கால ஹாங்காங் வழியா போனா மட்டும் 16,000 தாண்டிடும், அது உங்களுக்கு வேண்டாம். 21க்கும் 29க்கும் உள்ள வித்தியாசம் முழுக்க தரைல உக்காந்திருக்க நேரம். அதனால தூரத்த பாத்து வழிய தேர்ந்தெடுக்காதீங்க, எந்த ஊர்ல எவ்ளோ நேரம் உக்கார வைக்கிறாங்கன்னு பாருங்க.

நேரடி ஃப்ளைட் ஏன் இல்லன்னா, விமானத்தால முடியாதுன்னு இல்ல. சிங்கப்பூர்லேந்து நியூயார்க் 15,300 கிலோமீட்டர் ஒரே மூச்சுல போகுது, 18 மணி நேரத்துக்கு மேல. பெங்களூர்லேந்து சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கு 2021 ஜனவரில ஏர் இந்தியா நேரடியா ஆரம்பிச்சப்ப அது கிட்டத்தட்ட 14,000 கிலோமீட்டர். பிரச்சினை காசு. இவ்ளோ தூரத்துக்கு எரிபொருள் ஏத்தினா, அந்த எரிபொருளோட எடைய தூக்கிட்டு பறக்கவே தனியா எரிபொருள் செலவாகும். அத ஈடுகட்ட வருஷம் முழுக்க தினமும் முன்னாடி இருக்க விலை கூடின சீட்டெல்லாம் நிறையணும். நம்ம ஊர்லேந்து கனடா போறவங்க பெரும்பாலும் ஸ்டூடண்ட்ஸும் அம்மா அப்பாக்களும்தான், எகானமி சீட்டுதான் நிறையும்.

டெல்லி வழி தூரம் குறைவுன்னு சொன்னேன், ஆனா ஒரு விஷயம். 2025 ஏப்ரல்லேந்து பாகிஸ்தான் வான்வழி இந்திய விமானங்களுக்கு கிடையாது, சுத்தித்தான் போகணும். கனடா, ஐரோப்பா விமானங்களுக்கு 2022 பிப்ரவரிலேந்து ரஷ்யா மேல பறக்க முடியாது. அதனால நான் சொன்ன நூல் வழில இப்ப யாருமே அப்படியே போறதில்ல, ஆளாளுக்கு ஒரு வளைவு. இது மாறிக்கிட்டே இருக்க விஷயம், புக் பண்ற அன்னைக்கு டிக்கெட்ல இருக்க நேரத்த மட்டும் நம்புங்க.

ஸ்கார்பரோ_அக்கா:

தம்பி, நான் இஞ்ச ஸ்கார்பரோவில இருக்கிறன், போன வருஷம்தான் அம்மாவை யாழ்ப்பாணத்தில இருந்து கூப்பிட்டனான். கொழும்பில இருந்து டொரண்டோ இன்னும் கொஞ்சம் தூரம், 14,000 கிலோமீட்டர் வரும், ஆனா நீங்கள் படுற யோசினை எல்லாம் நாங்களும் பட்டதுதான். அம்மாவுக்கு 71, அவவுக்கும் சுகர்.

வானவழி அண்ணா சொன்னது சரி, பறக்கிற நேரத்தை பாத்து ஒண்டும் முடிவெடுக்காதேங்கோ. வீட்டு வாசல்ல இருந்து வீட்டு வாசல் வரைக்கும் எத்தினை மணித்தியாலம் எண்டு எண்ணுங்கோ. எங்கட அம்மா யாழ்ப்பாணத்தில வீட்டுக்கதவை பூட்டினதில இருந்து எங்கட வீட்டில செருப்பு கழட்டினது வரைக்கும் 41 மணித்தியாலம். டிக்கெட்டில 23 எண்டுதான் கிடந்தது. மிச்சமெல்லாம் பஸ்ஸும் கொழும்பு கட்டுநாயக்கா எயார்போட்டில காத்துக்கொண்டு இருந்ததும் இஞ்ச இமிகிரேஷன் வரிசையும்.

குளிசை (மாத்திரை) விஷயத்துக்கு நாங்கள் செய்ததை சொல்லுறன். மேற்கால போகேக்க பகல் நீண்டுகொண்டே போகும், சூரியன் மறையாமலே கிடக்கும், எப்ப காலமை எப்ப ராத்திரி எண்டே பிடிபடாது. அம்மா காலமையும் இரவும் சாப்பாட்டுக்கு முதல் குளிசை போடுறவ. வெளிக்கிட ரெண்டு கிழமைக்கு முதலே டொக்டரிட்டை டிக்கெட்டை கொண்டுபோய் காட்டினம், அவர் எந்த நேரம் எதை போடுறது எண்டு ஒரு துண்டில எழுதித் தந்தவர். அம்மா தன்ர பழைய சாவி குடுக்கிற மணிக்கூட்டை ஊர் நேரத்திலேயே வச்சுக்கொண்டு அந்த துண்டை பாத்து பாத்து போட்டவ, டொரண்டோவில வந்து இறங்கின பிறகுதான் முள்ளை திருப்பினது. இலங்கையும் இந்தியாவும் ஒரே நேரம்தானே, உங்கட அம்மாவுக்கும் இது சரிவரும். ஆனா டொக்டரிட்டை கட்டாயம் கேளுங்கோ, இன்சுலின் போடுறவை எண்டால் கணக்கு வேற. மருந்து முழுக்க கைப்பையில, பெரிய பெட்டிக்குள்ள போட்டு விடாதேங்கோ.

நான் சொல்லுறது ரெண்டு பறப்பும் ஏறக்குறைய சமனா இருக்கிற வழி நல்லம். லண்டன் வழி எண்டால் பத்தரை பதினொரு மணித்தியாலம், பிறகு எட்டு. துபாய் வழி எண்டால் நாலு, பிறகு ஒரே இருப்பில பதினாலு. முட்டி நோ உள்ள ஆளுக்கு பதினாலு மணித்தியாலம் அந்த சீற்றில இருக்கிறது சரியான கஷ்டம் தம்பி. எங்கட அம்மாவுக்கு இறங்கேக்க கால் ரெண்டும் வீங்கி செருப்பு போடேலாமல் போச்சு.

கோவை_குமரேசன்:

அக்கா சொல்றதுக்கு நான் கொஞ்சம் மாத்தி சொல்றேனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. எங்கப்பா ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டாருங்க, ஒரு தடவை ஐரோப்பா வழி, ஒரு தடவை வளைகுடா வழி. அவரு வளைகுடா வழிதான் நல்லா இருந்துச்சுன்னு சொல்றாரு. காரணம், முதல் நாலு மணி நேரம் முடிஞ்சு இறங்குனா சுத்தி பூரா நம்மாளுக. தமிழ் இல்லாட்டி மலையாளம், இந்தி, யாராச்சும் ஒருத்தர் வழி சொல்லிருவாங்க. அப்பறம் அந்த பதினாலு மணி நேரத்துல ரெண்டு தடவை சாப்பாடு போக நடுவுல ஏழெட்டு மணி நேரம் லைட்ட அணைச்சு தூங்க விடுவாங்க, யாரும் எழுப்ப மாட்டாங்க. கால் வீக்கத்துக்கு நடைபாதை ஓர சீட்ட முன்னாடியே புக் பண்ணிருங்க, ஒண்ணு ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒருக்கா எந்திரிச்சு பின்னாடி வரைக்கும் நடந்துட்டு வரச்சொல்லுங்க. பாத்ரூம் போகோணுமேன்னு தண்ணி குடிக்காம மட்டும் இருக்க வேண்டாம்னு சொல்லுங்க, எங்கப்பா முதல் தடவை அப்படித்தான் பண்ணி தலைவலில வந்து இறங்குனாரு.

ஆனா நான் எழுத வந்தது வேற விஷயத்துக்குங்க. தயவுசெஞ்சு ட்ரான்சிட் நேரம், அதாவது நடுவுல இறங்கி அடுத்த ஃப்ளைட் ஏறுறதுக்கு இருக்கற நேரம், கம்மியா இருக்க டிக்கெட்ட எடுத்துராதீங்க. முதல் தடவை நாங்க மொத்த நேரம் கம்மியா இருக்குன்னு ஒண்ணேகால் மணி நேர ட்ரான்சிட் இருக்கறத எடுத்தோம். முதல் ஃப்ளைட் அம்பது நிமிஷம் லேட். அப்பா இறங்கி, செக்யூரிட்டி வரிசைல நின்னு, ரயில்ல ஏறி அடுத்த டெர்மினல் போறதுக்குள்ள கேட்ட சாத்திட்டாங்க. அவரு கைல இருந்த போன்ல ரோமிங் இல்ல, வைஃபைக்கு ஓடிபி கேக்குது, ஓடிபி இந்திய நம்பருக்கு போகுது. டொரண்டோல எங்கண்ணன் ஏர்போர்ட்டுக்கு போக காரை எடுத்துட்டான், இங்க நாங்க அப்பா பறந்துட்டு இருக்காருன்னு நெனச்சுட்டு சாமி கும்புட்டுட்டு உக்காந்திருக்கோம், அவரு பாட்டுக்கு ஒரு பெஞ்சுல ஆறு மணி நேரம் உக்காந்திருக்காருங்க. கடைசில அங்க தரை தொடைச்சுட்டு இருந்த ஒரு மலையாளி அண்ணன் இவரு வேட்டியும் முகத்தையும் பாத்துட்டு வந்து "எந்தா அச்சா"ன்னு கேட்டு, சட்டைப் பாக்கெட்ல எங்கம்மா வலுக்கட்டாயமா எழுதி வச்சு விட்ட சீட்டுல இருந்த நம்பருக்கு அவரு போன்லேந்து அடிச்சாரு. அந்த அண்ணன் பேரு கூட எங்களுக்கு தெரியாது. இப்ப நெனச்சாலும் நெஞ்சு அடைக்குதுங்க.

அதனால குறைஞ்சது மூணு மணி நேரம் ட்ரான்சிட், அஞ்சுக்கு மேல வேண்டாம். முழுக்க ஒரே டிக்கெட்டா இருக்கோணும், தனித்தனியா ரெண்டு டிக்கெட் எடுத்தா கொஞ்சம் காசு கம்மியாகும், ஆனா முதல் ஃப்ளைட் லேட்டானா ரெண்டாவது ஏர்லைனுக்கு உங்க அம்மா யாருன்னே தெரியாது, பெட்டியையும் நடுவுல எடுத்து மறுபடி போடோணும். வீல்சேர் கட்டாயம் போடுங்க, அதுக்கு தனி காசு இல்ல, டிக்கெட் போடறப்பவே கேட்டுருங்க, லேட்டா கேக்கறதா இருந்தா 48 மணி நேரத்துக்கு முன்னாடியாச்சும். நடக்க முடியுற ஆளுக்கு எதுக்கு வீல்சேர்னு எங்கப்பா கௌரவம் பாத்தாரு, ரெண்டாவது தடவை அவரே கேட்டு வாங்குனாரு. வீல்சேர் தள்றவர் செக்யூரிட்டிலேந்து கேட் வரைக்கும் கூட்டிட்டு போயி விடுவாரு, வழி தப்பவே தப்பாது. அப்பறம் ட்ரான்சிட்லயும் மறுபடி செக்யூரிட்டி உண்டு, கைப்பைல ஊறுகாய் வச்சா தூக்கி போட்டுருவாங்க, 100 மில்லிக்கு மேல திரவமோ கொழகொழன்னு இருக்கறதோ பெரும்பாலான ஏர்போர்ட்ல ஆகாது.

தஞ்சாவூர்_மகன்:

மூணு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. குமரேசன் அண்ணா, உங்க அப்பா கதைய அம்மாகிட்ட சொல்லல, தங்கச்சிகிட்ட மட்டும் படிச்சு காமிச்சேன், அவ அழுதுட்டா. நான் அந்த ஒண்ணேகால் மணி நேர டிக்கெட்டத்தான் கிட்டத்தட்ட புக் பண்ற எடத்துல இருந்தேன், 21க்கு பதிலா 19 மணி நேரம்னு காமிச்சுச்சு.

வானவழி சார், குளோப் எங்க வீட்ல இல்ல, பக்கத்து வீட்டு பையன்கிட்ட வாங்கிட்டு வந்து அம்மாவையும் கூட உக்கார வச்சு நூல் வச்சு பாத்தோம். சென்னைல அம்மா விரல், டொரண்டோல என் விரல். நீங்க சொன்ன மாதிரியே இறுக்க இறுக்க நூல் ஆப்பிரிக்காவ விட்டுட்டு மேல ஏறி கிரீன்லாந்துல போய் உக்காந்துச்சு. அம்மா ரொம்ப நேரம் அந்த வெள்ளையா இருக்க எடத்தையே பாத்துட்டு, "இவ்ளோ பனிக்கு மேலயா போகும், உள்ள குளிராதா"ன்னு கேட்டாங்க. வெளில எவ்ளோ குளிர் இருக்கும், உள்ள கம்பளி குடுப்பாங்களா?

அக்கா சொன்ன மாதிரி வாசல்லேந்து வாசல் கணக்கு போட்டு பாத்தேன். தஞ்சாவூர்லேந்து காலைல பத்து மணிக்கு கார்ல கிளம்பினா சாயந்தரம் அஞ்சரை ஆறுக்கு ஏர்போர்ட். ராத்திரி 9.45 ஃப்ளைட், துபாய்ல மூணு மணி நேரம், அங்க காலைல 9.30, வெளில வந்து வீட்டுக்கு போக மதியம் பன்னண்டு. நம்ம நேரத்துக்கு ராத்திரி ஒன்பதரை. முப்பத்தஞ்சரை மணி நேரம். அத பாத்ததும் முந்தின நாளே சென்னைல சித்தி வீட்டுக்கு போய் படுத்து எழுந்து போகட்டும்னு முடிவு பண்ணிட்டோம். இது எனக்கு முன்னாடி தோணவே இல்ல.

இன்னொரு சந்தேகம், திரும்பி வர்றப்பவும் இதே நேரம்தானா?

வானவழி:

வெளில மைனஸ் 50, 60 டிகிரி இருக்கும் தம்பி, ஆனா அது ஆர்க்டிக்ங்கறதால மட்டும் இல்ல, அந்த உயரத்துல, பத்து பன்னண்டு கிலோமீட்டர் மேல, எங்கயுமே ஏறக்குறைய அப்படித்தான். உள்ள இருபத்திரெண்டு இருபத்திமூணு டிகிரி வச்சிருப்பாங்க. கம்பளி குடுப்பாங்க ஆனா மெல்லிசா இருக்கும், ஒரு ஸ்வெட்டரும் சாக்ஸும் கைப்பைலயே இருக்கட்டும்.

வர்றப்ப நேரம் குறையும். அந்த உயரத்துல மேற்குலேந்து கிழக்க பாத்து ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு வேகமான காத்து ஓடுது. போறப்ப எதிர்காத்து, வர்றப்ப முதுகுல காத்து. துபாய்-டொரண்டோ 14 மணி நேரம்னா திரும்பி வர்றப்ப பன்னண்டரை பதிமூணுல வந்துடும். தூரம் அதேதான். ஆனா கடிகாரம் இந்த தடவை எதிர் பக்கம் போகும், மதியம் கிளம்பினா அடுத்த நாள் ராத்திரியோ, மூணாவது நாள் விடியக்காலையோதான் சென்னைல இறங்குவாங்க. கூப்பிட போற தேதிய தப்பா எண்ணிடாதீங்க, நிறைய பேர் ஒரு நாள் முன்னாடியே மீனம்பாக்கத்துல போய் நின்னிருக்காங்க.

தஞ்சாவூர்_மகன்:

துபாய் வழி, நடைபாதை ஓர சீட், வீல்சேர், மூணு மணி நேர ட்ரான்சிட், எல்லாம் போட்டு டிக்கெட் எடுத்தாச்சு. அக்கா, கால் வீக்கத்த நெனச்சு ரெண்டு நாள் யோசிச்சேன், ஆனா பேச்சுத்துணை இருக்க வழிதான் அம்மாவுக்கு தைரியம்னு தோணுச்சு. டாக்டர்கிட்ட கால் உறை பத்தியும் கேக்குறேன். "ஒரே ஒரு எடத்துலதான்மா எறங்கி ஏறணும்"னு சொன்னேன், அம்மா சரின்னாங்க.

ஸ்கார்பரோ_அக்கா:

நல்ல முடிவு தம்பி, அம்மாவுக்கு எது மனசுக்கு பிடிக்குதோ அதுதான் சரி. ரெண்டு விஷயம் மறந்துபோனன். பிளேனில ஏற முதல் வழமையா போடுற செருப்பை விட ஒரு அளவு பெரிசா போட்டு விடுங்கோ. மற்றது, வந்து முதல் ஒரு கிழமை அம்மா விடியப்புறம் ரெண்டு மூண்டு மணிக்கே எழும்பி இருப்பா, நித்திரை வராது, அது ஒன்பதரை மணித்தியாலம் மாறினதால. எங்கட அம்மா இருட்டுக்குள்ள குசினியில தனிய இருந்து வெங்காயம் உரிச்சுக்கொண்டு இருந்தவ, லைட் போட்டால் எங்களுக்கு நித்திரை குழம்பும் எண்டு. தங்கச்சியிட்டை சொல்லி வையுங்கோ, அந்த நேரத்தில குசினி லைட்டை போட்டு வைக்கச் சொல்லி, ஊரில பகல்தானே, நீங்களும் ஒருக்கா கோல் எடுத்து கதையுங்கோ.